பேரிங் கூட்டின் மேல் சந்தனம்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ மூட்டைகளுக்கு வாய் தைக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். பெயர் ராஜதுரை. நாற்பதைத் தாண்டிய வயது. யாரிடமும் வாய் கொடுக்க மாட்டான். மார்க்கெட்டின் ஓரத்தில் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. கரண்டு போனால் அதை ஓட்டுவார்கள். அது ஓடத் தொடங்கியதுமே கையிலிருக்கும் கோணி ஊசியை அப்படியே போட்டுவிட்டு ராஜதுரை தெருவுக்குப் போய்விடுவான். டீ குடிக்கப் போகிறான் என்றுதான் கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. சும்மா வெயிலில் போய் நின்றுகொண்டிருப்பான்.

கரிவலம்வந்தநல்லூரில் அவன் வீட்டிலும் இதே கதைதான். அவன் பெண்டாட்டி மாரிசெல்வி சட்னி அரைக்க வேண்டுமென்றால் அவன் குளிக்கப் போகும் வரை பொறுத்திருக்க வேண்டும். மிக்சி சத்தம் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்காமல் சீட்டில் சாய்ந்துகொண்டு நிற்பான். கம்பியில் கை பட்டால் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்கிவிடும். அந்தப் பேச்சே வேண்டாம் என்றுதான் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

இத்தனைக்கும் பதினைந்து இருபது வருசம் அவனுக்குச் சோறு போட்டதே அந்தக் கைதான். ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் அவனுக்கு வேலை. டிப்ளமோ படித்தவன். இயந்திரங்களின் நடுக்கத்தை அளந்து கோளாறு சொல்வதுதான் அவன் பார்த்த வேலை.

சுற்றுகிற எதுவும் கொஞ்சமாவது நடுங்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு நடுக்கம். விசிறியின் ஒரு இறக்கையில் பஞ்சுத் தூசி அப்பி எடை கூடிப்போனால் சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போடும். இரண்டு தண்டுகள் நேர்கோட்டில் இல்லாமல் பூட்டியிருந்தால் நீளவாக்கில் இடிக்கும். அடி போல்ட் தளர்ந்திருந்தால் தாறுமாறாக உதறும். இவையெல்லாம் கைக்கே தெரியும். பேரிங் கோளாறுதான் பொல்லாதது. உள்ளே குண்டுகள் ஓடுகிற தடத்தில் ஒரு கடுகளவு பொரிந்திருந்தால் போதும், மெலிந்த, படுவேகமான ஒரு நடுக்கம் உண்டாகும். காதுக்கு எட்டாது, கைக்கும் எட்டாது; மீட்டரில் மட்டும் தெரியும். கைக்குத் தெரிகிற நாளில் காரியம் முற்றியிருக்கும்.

ஆகவே அவனிடம் ஒரு மீட்டர் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார், அதன் அடியில் காந்தம். பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டில் காந்தத்தை ஒட்ட வைத்தால் மீட்டர் படித்துச் சொல்லும். மாதாமாதம் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறினால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாது. பெயிண்டுக்கு மேலும் வைக்கக் கூடாது; அந்த மெலிந்த நடுக்கம் பெயிண்டிலேயே செத்துப்போகும். அதனால் மில்லிலுள்ள எல்லாக் கூடுகளிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, அரத்தால் தேய்த்து, பளபளவென்று ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான்.

மில்லில் அவனுக்கு நடுக்கத்துரை என்று பெயர். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட சமையல் நடக்கிற ஆக்குப்பறைப் பக்கம் நின்று கிரைண்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கால் சமமா இல்ல, ஒரு அட்டைய வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பந்திக்கு உட்காருவான். மாரிசெல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன்தான் என்றும் சொல்லியாக வேண்டும். "நம்ம பாத்து நல்லாருக்குன்னு சொன்ன மெஷின் ஒண்ணுகூட இதுவரைக்கும் நின்னதில்ல" என்பான். சொன்னது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

அந்தப் பேச்சை முழுசாக நம்பியவன் மூக்காண்டி. இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே பஸ். மாப்ள, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மூக்காண்டிக்கு பில்டர் ரூமில் வேலை. மில் முழுவதும் பறக்கிற பஞ்சுத் தூசியை ஒரு பெரிய புளோயர் உறிஞ்சி அந்த அறைக்குக் கொண்டுவரும். சேர்கிற தூசியை மூட்டை கட்டி வெளியேற்றுவது அவன் பொறுப்பு. நாள் முழுவதும் அந்த புளோயரோடுதான் கிடப்பான். மத்தியானச் சோற்றையும் அங்கேயே தின்பான். அவனுக்கு அது ஒரு மாடு மாதிரி. "எம்புளோயரு" என்றுதான் சொல்வான்.

அந்த மில்லில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்து, கிரீஸ் வைத்து, பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். பூசையன்றைக்குக் குடும்பத்தோடு வரலாம். எந்த இயந்திரத்தை யார் பார்க்கிறார்களோ அவர் வீட்டுப் பெண்தான் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். மானேஜரே போய் வைத்தாலும் செல்லாது. பெண்டாட்டியோ அம்மாவோ வந்து சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினால்தான் அந்த வருசம் ஆளுக்கும் இயந்திரத்துக்கும் குறைவு வராது என்று நம்பிக்கை. வைத்த பொட்டு தானாக உதிரும் வரை யாரும் தொடக் கூடாது.

பொட்டு வைக்க இடம் தேடுகிற பெண் கண்ணுக்கு எது படும்? கருநீலப் பெயிண்டுக்கு நடுவே பளபளவென்று, வட்டமாக, அளவெடுத்த மாதிரி ஒரு இடம். ராஜதுரை அரத்தால் தேய்த்து வைத்த வட்டங்கள்தான். மில்லிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் வருசா வருசம் அவன் மீட்டர் வைக்கிற இடத்திலேயே பொட்டு வைத்தார்கள். அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பூசை முடிந்து நாலைந்து நாள் விட்டு, ஆள் பார்க்காத நேரமாக ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் வழித்துவிட்டு ரீடிங் எடுப்பான். வழித்த சந்தனத்தைக் கீழே போடாமல் நெற்றியில் பூசிக்கொள்வான். பாவமும் இல்லை, வேலையும் நடந்தது.

மூக்காண்டியின் பெண்டாட்டி தங்கத்தாய்க்கு மட்டும் இது உறுத்தியது. அவள் வைக்கிற பொட்டு ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை என்று மூக்காண்டி விளையாட்டுப்போல வீட்டில் சொல்லியிருக்கிறான். ஒரு வருசம் அப்படிப் பொட்டு போன மாதத்திலேயே அவர்கள் மகள் பொன்மணிக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. நின்றதற்கு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம் வேறு. ஆனால் தங்கத்தாயின் மனதில் பொட்டுதான் நின்றது. யாரோ வேண்டுமென்றே அழிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

போன வருசம் பூசைக்கு வந்தபோது அவள் சந்தனத்தில் தண்ணீர் விடவில்லை. நூல் சுற்றுகிற அட்டைக் கூம்பில் லேபிள் ஒட்டுவதற்கு மில்லில் வெள்ளைப் பசை இருக்கும். மூக்காண்டியிடம் சொல்லி ஒரு கிண்ணம் வாங்கி, அதில் சந்தனத்தைக் குழைத்து, புளோயரில் பெல்ட் ஓடுகிற புல்லிக்குப் பக்கத்துப் பேரிங் கூட்டில், அந்த வட்டம் மறைய, அடை தட்டியதுபோல ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் ராஜதுரையும் மாரிசெல்வியும் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இத எவன் அழிக்கான்னு பாக்கேன் அண்ணே" என்றாள் ராஜதுரையைப் பார்த்து. புருசனின் மச்சான் முறை என்பதால் அவளுக்கு அவன் அண்ணன். "எம்மவ கல்யாணத்தக் கெடுத்தவன் விளங்கவா செய்வான்? நீங்களே சொல்லுங்க."

ராஜதுரை கடலையை மென்றுகொண்டே தலையை ஆட்டினான். நான்தான் வழிச்சேன் தங்கம், மீட்டர் வைக்கணும்லா என்று அங்கேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். மூக்காண்டி சேர்ந்து சிரித்திருப்பான், அதோடு போயிருக்கும். ஆனால் கல்யாணம் நின்றதற்கு நாமும் ஒரு காரணமோ என்று அவனுக்கே உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. டிப்ளமோ படித்தவனுக்கு இதெல்லாம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. படிப்பு ஒரு பக்கம் இருக்கும், இது ஒரு பக்கம் இருக்கும்.

பூசை முடிந்து ரீடிங் எடுக்கிற நாளில் மற்ற கூடுகளையெல்லாம் வழக்கம்போல வழித்தான். புளோயர் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. பொட்டு ரப்பர் மாதிரி இறுகி ஒட்டிக் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் கத்தி போட வேண்டும். கத்தி போட்டு ஒரு பொட்டைச் சுரண்ட அவனுக்கு மனம் வரவில்லை. கூட்டில் வேறு இடத்தில் வைக்கலாம் என்றால், எல்லாம் வளைவு, புதுப் பெயிண்ட் வேறு. போன மாதக் கணக்கோடு ஒத்துப்போகாது. எத்தனையோ வருசமாக ஒரே இடத்தில் எடுத்த ரீடிங். அந்த ஒழுங்கை விடவும் மனமில்லை. கடைசியில் பொட்டின் மேலேயே காந்தத்தை வைத்தான்.

காந்தத்தின் பிடி வழக்கத்தைவிட மெத்தென்றிருந்தது. மீட்டரில் எண் குறைவாக வந்தது, போன மாதத்தைவிடவும் குறைவாக. பூசைக்குக் கிரீஸ் வைத்தார்கள், அதனால் குறைந்திருக்கிறது என்று அவன் எடுத்துக்கொண்டான். கிரீஸ் வைத்தால் குறைவது வழக்கம்தான். சந்தனமும் பசையும் ஒரு மெத்தையாக நடுவில் இருந்து அந்த மெலிந்த நடுக்கத்தைக் குடித்துவிட்டன என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். பெயிண்ட் மேல் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன்.

"எப்பிடிடே இருக்கு எம்புளோயரு?" என்றான் மூக்காண்டி.

"மாப்பிள்ள மாதிரி இருக்கு. நீ போயிச் சேந்த பொறவும் ஓடும்" என்றான் ராஜதுரை.

வாயில் வந்த கேலிதான். அந்த ஊரில் இப்படிப் பேசாத ஆண்கள் கிடையாது. ஆனாலும் இந்தச் சொல்லை நினைத்து அவன் பின்னால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டதை மாரிசெல்வி பார்த்திருக்கிறாள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். மூக்காண்டி புளோயருக்குப் பக்கத்தில், புல்லிக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறான். அங்கே உட்காராதே என்று போர்டே இருந்தது. ஆனால் ராஜதுரை நல்லாருக்கு என்று சொன்ன மெஷின், போர்டை எவன் மதிப்பான்? உள்ளே பேரிங் சிதைந்து இறுகியது. தண்டு முறிந்தது. புல்லி கழன்று, மேல் மூடியிருந்த தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் மார்பில் அடித்தது.

ராஜதுரை கேன்டீனிலிருந்து ஓடிவந்தபோது மூக்காண்டிக்குக் கண் திறந்துதான் இருந்தது. சோறு சிதறிக் கிடந்தது. அவனை மடியில் தூக்கி வைத்து, "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டான். அவனும் எதையோ கேட்கிற மாதிரி மச்சானைப் பார்த்தான். வேன் வந்து ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் வருவதற்கு முன்னால் ராஜதுரை மட்டும் பில்டர் ரூமுக்குத் திரும்பி வந்தான். எப்படி ஏமாந்தோம் என்று தெரியாமல் அவனால் நிற்க முடியவில்லை. பேரிங் கூடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்தடத்தைப் பார்த்தான். நெடுகப் பொரிந்து, சொறி பிடித்ததுபோல இருந்தது. ஒரு வாரத்தில் வருகிற கோளாறு இல்லை இது, பூசைக்கு முந்தின ரீடிங்குக்குப் பிறகு தொடங்கி வாரக்கணக்காக வளர்ந்தது. அப்படியென்றால் அன்றைக்கு மீட்டரில் தெரிந்திருக்க வேண்டும். ஏன் தெரியவில்லை என்று கூட்டைப் புரட்டினான். மேல்பாதியில் சந்தனம் அசையாமல் இருந்தது. அதன் நடுவில் காந்தம் அழுந்திய தடம், சின்ன வட்டமாக.

அந்த நிமிசத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. இதை யாராவது பார்த்தால், பார்த்து வெளியே சொன்னால், தங்கத்தாய் என்ன ஆவாள்? புருசன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் வைத்த பொட்டு. உதிரக் கூடாது என்று பசை போட்டு வைத்த பொட்டு. அதுதான் அவனைக் கொண்டுபோனது என்று தெரிந்தால் அவள் கிணறு தேடிப் போவாள். போகாவிட்டாலும் அது உயிரோடு இருப்பதாகாது.

கருவிப் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, பொட்டைச் சுரண்டினான். இப்போது காய்ந்து கல் மாதிரி வந்தது. இதே கத்தியை அன்றைக்கு எடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே சுரண்டினான். கை ஓயவில்லை, கண்ணும் ஓயவில்லை. சுரண்டியதைப் பஞ்சுக் குப்பையோடு கலந்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் மெயின்டனன்ஸ் மேலாளர் ஏசுவடியான் அவனைக் கூப்பிட்டார். நல்ல மனுசர். ராஜதுரையை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

"பேரிங் அவ்வளவு கெட்டுக் கெடக்கு. ஒம்ம ரீடிங் நல்லாருக்குன்னு சொல்லுது. எப்பிடி வே?"

ராஜதுரை மேசையில் விரித்திருந்த ரீடிங் நோட்டை மூடி வைத்தான்.

"மீட்டர் கோளாறா? சொல்லும், அனுப்பிச் சோதிச்சிருவோம்."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"பொறவு?"

"நான் அந்த மெஷினப் பாக்கல. வேற மெஷினுல வச்ச ரீடிங்க அதுக்குப் போட்டுட்டேன்."

"நீரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லியே வே" என்றார். ராஜதுரை திரும்பவும் அதையே சொன்னான். மூன்றாம் தடவை கேட்டபோது அழுதுவிட்டான். அழுகையைக் குற்றவாளியின் அழுகை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வேலை போயிற்று. கேசும் விழுந்தது. அது இன்னும் நடக்கிறது.

செய்தி கரிவலம்வந்தநல்லூருக்கு வர அரை நாள்கூட ஆகவில்லை. பார்க்காமலே பார்த்ததாகச் சொல்லி மச்சானைச் சாகடித்தவன். பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போனவனைப் பந்தலுக்கு வெளியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். தங்கத்தாய் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து காலையில் வாசல் தெளிக்க வரும்போதும் சாயங்காலம் விளக்கேற்ற வரும்போதும் அவன் வீட்டைப் பார்த்து நின்று ஏசினாள். தெருவே கேட்கும்படி ஏசினாள். அவன் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் குரல் கேட்காவிட்டால், மேலுக்குச் சுகமில்லையோ என்று எட்டிப் பார்ப்பான்.

மாரிசெல்வியால்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அவள் நடந்துபோனால் பேச்சு நின்றது. ஒரு நாள் குடத்தைக் காலியாகவே கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டு, "நெசத்தச் சொல்லுங்க. நீங்க பாக்காம இருந்திருக்க மாட்டிய. எனக்குத் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் சொன்னான். அவளிடம் மட்டும் சொன்னான்.

கேட்டு முடித்ததும் எழுந்து, "நான் போயிச் சொல்லுதேன். நம்ம மட்டும் என்னத்துக்குச் சாகணும்?" என்று செருப்பைப் போட்டாள். அவன் தடுக்கவில்லை. தடுக்க அவனுக்கு வலு இல்லை. சொல்லிவிடட்டும் என்றுகூட ஒரு ஓரத்தில் ஆசையாக இருந்தது.

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"சொன்னியா?"

"படத்துக்குச் சந்தனம் வச்சுக்கிட்டு இருந்தா. அந்தக் கையப் பாத்தேன். வாய் வரல" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏச்சை வாங்கினார்கள்.

அவனுக்கு மீட்டர் வேலை எந்த ஊர் மில்லிலும் கிடைக்கவில்லை, கேட்டும் போகவில்லை. பூ மார்க்கெட்டில் மூட்டை தைக்கப் போனான். மூக்காண்டியின் இடத்தில் பொன்மணிக்கு மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டான். அதே பில்டர் ரூம். அதைக் கேட்ட அன்றைக்கு அவன் தைத்த மூட்டையையே மறுபடியும் தைத்தான். புது புளோயர், புதுப் பேரிங், ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

இந்த வருசம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. ராஜதுரை குனிந்து மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். எதிரில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தான். தங்கத்தாய். கையில் பூப்பையோடு நின்றாள். மூக்காண்டி போனதிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அவளை அவன் பார்த்ததில்லை. பாதி ஆளாகப் போயிருந்தாள்.

"பொன்மணி சொன்னா" என்றாள். சத்தம் போடவில்லை. "பூசைக்கு மில்ல ஒதுங்க வைக்காகளாம். பழைய இரும்புக்குள்ள அந்தக் கூடு கெடந்துச்சாம். நான் வச்ச பொட்டு அதுல இல்லியாம். கத்தி போட்டுச் சுரண்டுன தடம் இருக்காம்."

ராஜதுரை ஊசியைக் கீழே வைத்தான்.

"யாரு சுரண்டுனது?"

"நான்தான்."

"எனக்குத் தெரியும். மெஷினப் பாக்கலன்னு சொன்னதும் பொய்தான். மீட்டரு வைக்கதுக்கு அந்த வெள்ள வட்டம் ஒங்களுக்கு வேணும்லா. வருசா வருசம் அழிச்சது நீங்கதான். எம்மவ கல்யாணம் நின்னதும் அதுலதான். நான் அம்புட்டுச் சொல்லியும், எம்மூஞ்சியப் பாத்துத் தலைய ஆட்டிட்டு, கத்திய வச்சு எடுத்திருக்கியளே. பொட்டு நின்னிருந்தா அவுக நின்னிருப்பாக."

அவன் மறுக்கவில்லை. இதுதானே அவனுக்கு வேண்டியிருந்தது? அவள் மனதில் அவள் வைத்த பொட்டுக்குப் பழுதில்லை. எல்லாப் பழியும் அவன் மேல். இனி சாகும் வரைக்கும் அவள் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மனம் ஆறுகிறதா என்று பார்த்தான். ஆறவில்லை. ஆனாலும் இந்த மட்டும் போதும் என்றிருந்தது.

"இந்த வருசம் ஒருத்தரும் எடுக்க முடியாது" என்றாள் அவள். "இரும்பும் இரும்பும் ஒட்டுத பசை ஒண்ணு விக்கான், வாங்கி வச்சிருக்கேன். புதுக் கூட்டுலயும் மீட்டர்க்காரன் அதே மாதிரி வெள்ளையா வட்டம் தேச்சு வச்சிருக்கானாம். நான் வைக்கக் கூடாதுல்லா, பொன்மணிய அதுலயேதான் வைக்கணும்னு சொல்லிருக்கேன். இப்ப அங்கன நிக்கது எம்மவ. எவனும் தொடாம அவளே பக்கத்துல இருந்து பாத்துக்கிடுவா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் போய்விட்டால் எல்லாம் அவன் நினைத்தபடியே இருக்கும். நாளைக்குப் பொட்டு விழும். அதன் மேல் எவனோ ஒருவன் காந்தத்தை வைப்பான். எண் குறைவாக வரும். நல்லாருக்கு என்பான். மில்லுக்குப் போன் போட்டு ஏசுவடியானிடம் சொல்லலாம். அவர் ஏன் எதற்கு என்று அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாக அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் அவள் தலை மறையப் போகிற நேரத்தில், "தங்கம்" என்று கூப்பிட்டான்.

அவள் நின்றாள். அவன் பக்கத்தில் போனான்.

"பொட்டு நின்னுச்சு தங்கம். கடைசி வரைக்கும் நின்னுச்சு. நான் எடுக்கல."

"இப்பம் நீங்கதான..."

"அவன் போன பொறவு எடுத்தேன். நீ பாத்துறக் கூடாதுன்னு எடுத்தேன்." ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. "மீட்டர நான் பொட்டு மேலயே வச்சேன். ஒம்பொட்ட அழிக்க மனசில்லாம வச்சேன். பசை இருந்ததுனால மீட்டருக்கு உள்ள இருந்த கோளாறு தெரியல. நல்லாருக்குன்னு அவங்கிட்டச் சொன்னேன். தப்பு என்னோடது. வேலை தெரிஞ்சவன் நான். அங்கன மட்டும் வைக்கச் சொல்லாத. வேற எங்கன வேணும்னாலும் வைக்கட்டும். அந்த வட்டத்துல வேண்டாம் தாயி."

அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்குவதை அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பூப்பை கையிலிருந்து நழுவியது. பக்கத்தில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். தன் வலது கையைப் பார்த்தாள், சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான்.

"மாரிசெல்வி மயினிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா நான் ஏசுனதக் கேட்டுக்கிட்டு இருந்திய, ரெண்டு பேரும்."

பூ வாங்க வந்தவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள்.

"காலைல ஒங்கள ஏசிக்கிட்டேதான் எந்திரிப்பேன் அண்ணே" என்றாள் தங்கத்தாய். "ஏசிக்கிட்டேதான் வெளக்குப் பொருத்துவேன். அதுலதான் இந்த ஒரு வருசமும் ஓடுச்சு. நாளைக்கு என்னத்தச் சொல்லிக்கிட்டு எந்திரிக்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தாள். பூவை எடுத்துக்கொள்ளாமலே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். ராஜதுரை பின்னால் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் ஏச்சுச் சத்தம் கேட்கவில்லை. மாரிசெல்வி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தங்கத்தாய் வீட்டில் விளக்கு ஏற்றியிருக்கவில்லை.